ஒரு ரிப்போர்ட் போதாது

வயிற்றில் கட்டி என்று கேட்டதும், "எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று நாம் நினைத்துவிடுகிறோம். இந்த நினைப்பு தவறு என்பது என் கருத்து. அனுபவித்துச் சொல்கிறேன்.

காக்கநாட்டில் இருக்கும் என் அண்ணனுக்குச் சோகையும் வயிற்று உப்புசமும் இருந்தன. மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை சாப்பிட்டார். பிறகுதான் ஸ்கேனில் இரைப்பையை ஒட்டிய கட்டி தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, ரிப்போர்ட்டில் தசைப் புற்று என்று எழுதினார்கள். கீமோதெரபிக்கு நாளும் குறித்தாயிற்று. அண்ணி மட்டும் பிடிவாதமாக, "இன்னொரு இடத்தில் காட்டுவோம்" என்றார். ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி, ஒரு புற்றுநோய் மையத்தில் கொடுத்தோம். சி.டி.117 என்ற பரிசோதனையில் அது 'ஜிஸ்ட்' என்று தெரிந்தது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் பத்துப் பதினைந்து பேருக்கே வரும் நோய் இது. வழக்கமான கீமோதெரபிக்கு அநேகமாகக் கட்டுப்படாது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான 'கிட்' மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். 2000-இல் ஃபின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு இமாட்டினிப் மாத்திரை கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின. ஆக, நோயின் பெயர் தப்பினால் மருந்தும் தப்பிவிடும்.

அந்த மாத்திரை ஏழைக்கும் எட்டியதில் சென்னைக்கும் பங்குண்டு. நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்நாளில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்துக்கு, நம் நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

மருந்து இருந்தும் நாம் தடுமாறுவது முதல் படியில்தான். அபூர்வ நோயை அடிக்கடி பார்க்கும் இடத்துக்கே போக வேண்டும். களமசேரி, திருவனந்தபுரம், அடையாறு ஆகிய ஊர்களில் புற்றுநோய்க்கென்றே மையங்கள் உள்ளன. கூடுமானால் கத்தி படுமுன்பே போவது நல்லது. ஆபரேஷனில் கட்டி உடைந்தால் நோய் வயிற்றுக்குள் பரவக்கூடும். ஸ்லைடும் பிளாக்கும் கேட்டு வாங்குவது டாக்டரை அவமதிப்பதாகாது. மாத்திரையை, உடம்பு தேறிவிட்டதென்று நாமாக நிறுத்தவும் கூடாது.

அன்று அண்ணி கூச்சப்பட்டு வாய் திறக்காமல் இருந்திருந்தால்? அதை நினைக்கவே அஞ்சுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் யாரும் இப்படிக் கூச்சப்பட வேண்டாம்.