விடை தெரிந்த சோதனை

பௌதிகச் செய்முறை வகுப்பில் தனி ஊசலை ஆட்டிக் கணக்கிடுகிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 980-க்கு அருகில் வந்துவிட்டால் நிம்மதி. வராவிட்டால் ரப்பரைத் தேடுகிறோம்! (உண்மையைச் சொன்னதற்கு ஆசிரியப் பெருமக்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.) விடையை முன்பே அறிந்துகொண்டு செய்யும் இவ்வேலைக்குச் சோதனை என்ற பெயர் பொருந்துமா?

1620-இல் வெளியான தம் நூலில் பிரான்சிஸ் பேக்கன், இரு கொள்கைகளுள் மெய்யானதைக் காட்டும் நிகழ்ச்சியை நாற்சந்திக் கைகாட்டி மரத்துக்கு ஒப்பிட்டார். ஒளி துகளா, அலையா என்ற வழக்கில் அத்தகைய தீர்ப்பு 1850-இல் கிடைத்ததாகப் பலரும் எண்ணினர். ஒளி காற்றைவிட நீரில் மெதுவாகச் செல்கிறது என்று பாரிசில் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியைக் கொண்டு காட்டினார். நியூட்டனின் துகள் கொள்கைப்படி நீரில் வேகம் கூடியிருக்க வேண்டும். ஆகவே, அலை வென்றது!

வென்றதா? பியர் தூயெம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1906-இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். பொய்த்தது துகள் என்ற கருத்தா, அல்லது நியூட்டன் அதனுடன் சேர்த்துக்கொண்ட வேறு அனுமானங்களுள் ஒன்றா? சோதனை, ஒரு கருத்தைத் தனியே பிடித்துக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஒரு கூட்டத்தையே ஏற்றுகிறது என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்திய ஆண்டிலேயே ஐன்ஸ்டைன் ஒளித்துகளை வேறு உருவில் திரும்ப அழைத்து வந்துவிட்டார்.

கருவியே வேண்டாத சோதனையும் உண்டு. பளுவான கல்லையும் இலேசான கல்லையும் சேர்த்துக் கட்டினால் வேகம் கூடுமா, குறையுமா என்று கலிலியோ 1638-இல் எழுப்பிய கேள்வி அத்தகையது.

எனினும் என் மனம் கவர்ந்தது தேடும் சோதனையே. மின்சாரம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் அறிவித்தார். உடனே பாரிசில் ஆம்பியரும், அடுத்த ஆண்டு லண்டனில் ஃபாரடேயும் கம்பியையும் காந்தத்தையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தனர். சரிபார்ப்பதற்கு முடிந்த முடிபான கொள்கை எதுவும் அப்போது கிடையாது. இத்தகைய சோதனைக்குக் கொள்கையைச் சாராத தனி வாழ்வுண்டு என்று கனடா நாட்டுத் தத்துவப் பேராசிரியர் இயன் ஹாக்கிங் 1983-இல் எழுதினார். தத்துவவாதிகள் இதைக் கவனிக்க இத்தனை காலம் ஆயிற்று!

நம் ஆய்வுக்கூடத்திலும் ஆண்டுக்கு ஒரு செய்முறையாவது விடை சொல்லப்படாததாக இருக்கட்டும். ஊசற்குண்டை நீருக்குள் ஆடவிட்டுப் பார்ப்போமே! மதிப்பெண் எப்படி இடுவது என்று கேட்கலாம். ரிக்கார்டு நோட்டில் அழிக்காமல் விட்ட அளவீடுகளுக்கு இடுங்கள்.