உலர்ந்த பழமும் அதன் சுவையும்

டில்லியில் ஃபத்தேபுரி மசூதியை அடுத்துள்ள காரி பாவ்லி கடைவீதியில் உலர்ந்த திராட்சை பச்சை, பொன், கருமை எனப் பல நிறங்களில் குவிக்கப்பட்டிருக்கும். வாங்குவோருள் பலர் கண்ணைக் கொண்டே தரத்தை முடிவு செய்கின்றனர். ஆனால், நிறம் பழத்தின் வகையையும் அதனை உலர்த்திய முறையையும் காட்டுமேயன்றிச் சுவையின் உயர்வுக்குச் சான்றாகாது.

உலர்த்துதல் என்பது நீரை அகற்றுவது மட்டுமன்று. புதிய திராட்சையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர் உண்டு. உலர்ந்தபின் எஞ்சுவது 15 சதவீத அளவே. ஆதலின், 100 கிலோ பழம் சுமார் 24 கிலோவாகக் குறைகிறது. இனிப்பும் புளிப்பும் பழத்திலேயே தங்கிச் செறிவடைகின்றன. மணம் தரும் பொருள்களோ எளிதில் ஆவியாகும் இயல்பின; அவற்றுள் பெரும்பகுதி நீராவியுடன் வெளியேறிவிடுகிறது. வெப்பம் மிகுந்தால், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் புதியதொரு மணத்தையும் உண்டாக்குகின்றன. கருந்திராட்சையின் பாகு போன்ற சுவைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆப்கானிஸ்தானத்தில் காற்றுத் துளைகள் அமைந்த மண் வீடுகளின் நிழலில் உலர்த்துவதால் பச்சை நிறம் பெரிதும் நிலைக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லிப் பகுதியில், பொட்டாசியம் கார்பொனேட்டும் எண்ணெயும் கலந்த கரைசலில் பழத்தைத் தோய்த்து, நிழலில் வலைத்தட்டுகளின்மீது பரப்புகின்றனர். தோலின் மெழுகுப் படலம் தளர்வதால் நீர் விரைவில் வெளியேறுகிறது. பொன்னிறத்திற்காகக் கந்தகப் புகையூட்டும் முறையும் உண்டு. அது பழுப்பு நிறத்தைத் தடுக்கும். வைட்டமின் 'சி'யையும் ஓரளவு காக்கும். அளவு மீறினாலோ, பழத்தில் நெடி தங்கும். ஆஸ்துமா உடையோர் சிலருக்குத் தீங்கும் நேரும்.

நிறத்திற்கே விலை என்ற நிலை நீடித்தால், உழவர் மணத்தைக் காக்கும் முறையை விடுத்துக் கந்தகத்தையே நாடுவர். விரைவை விரும்பித் தொடக்கத்திலேயே கடும் வெப்பம் ஊட்டுவதும் தவறு. மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தேங்கும். பின்னர்ப் பூஞ்சை பிடித்துச் சரக்கே வீணாகும். களப் பணியாளர் ஈரத்தின் அளவோடு மணத்தையும் சுவையையும் சோதிக்க உழவருக்குக் கற்பித்தல் வேண்டும்.

பள்ளியிலும் இதனை எளிதில் விளக்கலாம். டில்லி வட்டாரத்தில் மழை தொடங்குமுன், ஒரே குலையின் பழங்களை இரு கூறாக்கி, ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் மெல்லிய துணியால் மூடி உலர்த்தி, நாள்தோறும் நிறுத்து எழுதிவரலாம். இறுதியில் மாணவர் கண்ணை மூடிச் சுவைத்துப் பார்க்கட்டும். நிறம் கூறாத உண்மையை நாக்கு கூறிவிடும்.