வீட்டை ஒழிக்கும் முன்

வவுனியாவிலுள்ள காலஞ்சென்ற என் மாமாவின் வீட்டை விற்றுவிடுவதெனக் கனடாவில் வாழும் அவர் மக்கள் அண்மையில் தீர்மானித்தனர். வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பிக்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. வாங்க வருபவர் தம் கட்டிலையும் அலுமாரியையும் மனத்திலே வைத்துப் பார்ப்பதற்கு இடம் வேண்டும் என்றார் தரகர். அவர் கூற்று முற்றும் உண்மையே. கால் முறிந்த நாற்காலிகளும் திரியற்ற அரிக்கன் விளக்குகளும் வெளியேறியதும் கூடம் இருமடங்கு அகன்றாற்போலத் தோன்றிற்று. உரலையும் சுளகுகளையும் அயலார் மகிழ்வுடன் கொண்டுசென்றனர். இவற்றுக்காக வருந்துவார் வருந்துக, நான் வருந்தவில்லை.

தகரப் பெட்டி ஒன்றின் முன்னேதான் என் கை தயங்கியது. மாமா தமிழாசிரியர். கொப்பிகளும் பத்திரிகைக் கட்டுகளும் நிறைந்த அப்பெட்டியை நிறுத்து வாங்கக் கடைக்காரர் வாயிலிலே காத்துநின்றார். கச்சான் சுற்றுஞ் சரையாகவே அவை முடிந்திருக்கும். மேலே கிடந்த கொப்பியைப் பிரித்தேன். 2009இல் மெனிக் பாம் முகாமிலே கூடாரத்தின்கீழ் அவர் கற்பித்த பிள்ளைகளின் பெயர்கள். எதிரே அவர்கள் முன்னர் படித்த பள்ளியும் ஊரும். சில பெயர்களுக்கு எதிரே 'தாயுடன் மட்டும்' என்று எழுதி நிறுத்தியிருந்தார். (அம்முகாமின் பகுதிகளுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்றெல்லாம் பெயரிட்டிருந்தனர். முள்வேலிக்குள்ளே அறிஞர் பெயர்கள்!)

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்ததை நாம் மறந்திலோம். ஆயின், கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் ஓடிய குடும்பங்கள் வழிநெடுகக் கைவிட்ட பெட்டிகளுக்கு அட்டவணை எவரிடமுண்டு? வன்னியிலே எஞ்சிய காகிதம் மிகச் சொற்பம். அதனை இப்போது போர் அழிக்கவில்லை, வெள்ளையடிப்பு அழிக்கிறது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றுமுன் எத்தனை ஏடுகள் செல்லுக்கும் தீக்கும் இரையாயின! ஏடுகளை எறிந்தவர்கள் தீயவரல்லர். பரண் துப்புரவாக வேண்டுமென எண்ணிய இல்லறத்தாரே.

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் அயலில் ஒரு வீடு விலைக்கு வருகிறதெனக் கேள்வியுற்றால், வெள்ளையடிப்பவர் வருமுன் ஒருநாள் சென்று பாருங்கள். காணி உறுதிகளை உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். பாடசாலை மலர், கோயில் மலர், கூத்துக் கொப்பி, கையெழுத்துச் சஞ்சிகை ஆகியவற்றைப் புறம்பாக எடுத்துவையுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கத் தரும் நூலக நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. அதற்கு அறிவித்தால் வழி பிறக்கும்.

மாமாவின் பத்திரிகைக் கட்டுகளை அங்கே கொடுக்கலாம். அந்தக் கொப்பியைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. அதிலுள்ள பிள்ளைகள் இன்று வளர்ந்தவர்கள். அவர்தம் துயர் அவர்க்கே உரியது. யாரிடம் ஒப்படைப்பதென அறியாது, மாமாவின் மூத்த மகளிடம் தொலைபேசியிற் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "விற்கிறதை ஒரு மாதம் தள்ளிவையுங்கோ அண்ணா, நான் வாறன்" என்றாள்.