அருவிக்குப் போகும் தண்டவாளம்

ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்களில் இப்போது தாய்லாந்து ட்ரிப் பேச்சுதான். பாங்காக்கில் இருந்து ஒரே நாளில் காஞ்சனபுரி: காலையில் க்வாய் நதிப் பாலம், மதியம் ஏழு அடுக்கு எராவன் அருவி. போங்க, ஆசை தீரக் குளிங்க. ஆனா பாலத்தில் செல்ஃபி எடுக்கும் முன், அந்தப் பாதையைப் போட்டவர்களில் நம்ம ஆட்களும் இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க, 1942-ல் ஜப்பான் ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதையைத் தொடங்கியது. 1943 அக்டோபரில் முடிந்தது. மலை, காடு, பருவமழை. பெரும்பாலும் கையால் செய்த வேலை. சிவில் பசங்களுக்கு இது சாதனையாத் தெரியலாம். விலையையும் பாருங்க. சுமார் 60,000 போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தாங்க. ஆசியத் தொழிலாளர்கள் இன்னும் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். டாக்டர் இல்லாத முகாம்களில் காலரா வந்தப்போ கொத்துக் கொத்தாச் செத்தாங்க.

கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கு. நம்ம நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பராமரிக்கும் அதே காமன்வெல்த் ஆணையம்தான் அங்கேயும். கைதிகளின் அதிகாரிகள் ரகசியமாகப் பட்டியல் வைத்திருந்தாங்க; அதனால பேர் தப்பிச்சது. தோட்டத் தொழிலாளிக்குப் பட்டியல் எழுத யாரும் இல்லை. 1957-ல் வந்த ஹாலிவுட் படமும் பிரிட்டிஷ் கைதிகளின் கதைதான். அதை எடுத்தது நமக்குப் பக்கத்துல, இலங்கையின் கித்துல்கலையில்!

"ஜாலியாப் போற இடத்திலயும் ஹிஸ்டரி கிளாஸா மச்சி?" என்று கேட்கலாம். ரெண்டும் ஒரே ரயிலில் இருக்கு. அந்தப் பாதையில் இன்று ரயில் போய் நிற்கும் கடைசி ஸ்டேஷன் நாம் தோக். தாய் மொழியில் அதற்கு அருவி என்றே அர்த்தம். பக்கத்திலேயே சாய் யோக் நோய் அருவி. ஆஸ்திரேலியா தன் ஆட்களுக்காக ஹெல்ஃபயர் பாஸில் மியூசியமே கட்டியிருக்கு. ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே அஞ்சலி செலுத்த வர்றாங்க. நமக்கு மட்டும் ஏன் அது வெறும் போட்டோ ஸ்பாட்?

பெருசா ஒண்ணும் வேண்டாம். கிளம்பும் முன் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படிங்க. அங்கே கைடு கைதிகளைப் பற்றி மட்டும் சொன்னா, "தமிழ்த் தொழிலாளர்கள்?" என்று கேளுங்க. பத்து குரூப் கேட்டா, பதினோராவது குரூப்புக்கு அவரே சொல்லுவார்.