காபியே குடித்ததில்லையா? முதல் டம்ளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"காபியா, டீயா?"

செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் வந்துவிடும் கேள்வி. "ரெண்டுமே பழக்கமில்லைங்க" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், உடம்புக்கு ஏதாவதா?" என்று கவலைப்படுவார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பூஸ்ட் கலக்கட்டுமா?" என்பார்கள். இருபத்தாறு வயசுல பூஸ்ட்!

காபி பக்கமே போகாமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். டீ மட்டும் போடுகிற வீட்டில் பிறந்திருப்பார்கள். அல்லது "காபி குடிச்சா கறுத்துடுவ" என்று மிரட்டியே வளர்த்திருப்பார்கள். (காபிக்கும் தோல் நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கறுத்தால்தான் என்ன என்பது வேறு கதை.) இவர்கள் காபியைத் தொடுவது பெரும்பாலும் வேலைக்குப் போன பிறகுதான். நைட் ஷிஃப்டில் கண்ணைக் கட்டும்போது ஆபீஸ் மெஷினில் பட்டனை அமுக்குவார்கள். இல்லையென்றால், நண்பர்களோடு கஃபேவுக்குப் போய், மெனு புரியாமல், கிரீம் போட்ட ஏதோ ஒன்றை வாங்குவார்கள்.

முதல் காபிக்கு இந்த இரண்டுமே சரியான இடமில்லை என்பது என் கருத்து. முதலாவது ரொம்பவே மோசம்.

தூக்கத்துக்குப் பதில் காபியா?

நாம் விழித்திருக்க விழித்திருக்க, மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய இடங்களில் போய் உட்காரும்போதுதான் தூக்கம் சொக்கும். கஃபைன் செய்வது, பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலை. அடினோசினுக்கு உட்கார இடம் கிடைக்காது. ஆனால், அது பஸ்ஸைவிட்டு இறங்கிவிடவில்லை, நின்றுகொண்டே வருகிறது. கஃபைன் எழுந்ததும் மொத்தமாக உட்காரும். வரவேண்டிய தூக்கம் அப்படியே பாக்கி இருக்கும்.

கஃபைன் லேசில் எழுந்து போகாது. குடித்ததில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபைன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. 400 என்பது அதிகமான அளவுதான். ஆனால், டீகூடக் குடித்துப் பழகாத உடம்பு என்றால், அதைவிடக் குறைந்த அளவுக்கே படபடக்கும்.

இப்போது நைட் ஷிஃப்ட்டுக்கு வருவோம். ராத்திரி 3 மணிக்கு முதல் காபி. காலை 8 மணிக்கு வீட்டில் படுக்கை. பாதி கஃபைன் உள்ளேயேதான் இருக்கும். பகல் தூக்கம் கெடும். அடுத்த ராத்திரி உடம்பு இரண்டு கப் கேட்கும். எனவே, தூக்கம் போதாத வாரத்தில் காபியை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன். ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்றால் மேனேஜரிடம்தான் பேச வேண்டும். ஆபீஸில் இவ்வளவு விஷயத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் காபியை மட்டும் ஏன் இலவசமாகத் தருகிறார்கள் என்று ஒருமுறையாவது யோசிக்கலாம்.

சரி, எந்தக் காபி?

என் ஓட்டு ஃபில்டர் காபிக்கு. லைட்டாக.

ஊர்ப்பாசம் என்று நினைக்க வேண்டாம். கசப்பைத் துப்பச் சொல்வது நாக்கின் இயல்பு. பால் அந்தக் கசப்பைக் கொஞ்சம் அமுக்கும். ஃபில்டர் காபியில் டிகாஷன் தனி, பால் தனி என்பதால், எவ்வளவு கசப்பு வேண்டும் என்பதை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எஸ்பிரஸோவில் அந்த வசதி இல்லை. சுமார் 30 மில்லிக்குள் மொத்தத்தையும் இறக்கிவிடுவார்கள். அதில் வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோ, பால் அதிகம் ஊற்றினால் லாட்டே, நுரை தூக்கலாக இருந்தால் கேப்புசினோ. கஃபே மெனுவில் பாதி இவ்வளவுதான். கிரீமும் சிரப்பும் போட்ட குளிர்ந்த காபியை முதலில் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், உங்களுக்குப் பிடித்தது காபியா ஐஸ்கிரீமா என்று கடைசிவரை தெரியாது என்பதுதான்.

கஃபே கவுன்டரில் நின்று திணறும் கூச்சம் ஒன்றும் புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே இங்கே காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பார்க்கப்பட்டதை, ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். டம்ளரை வைத்து ஆளை எடைபோடும் வழக்கம் அன்றிலிருந்து தொடர்கிறது. அதற்காகவெல்லாம் லாட்டே குடிக்கத் தேவையில்லை.

ஹோட்டலில், "ஒரு லைட் காபி, சர்க்கரை தனியா" என்று கேளுங்கள். டிகாஷன் குறைவாக, பால் தூக்கலாக வரும். "வித்தவுட்" என்றால் சர்க்கரை இல்லாதது. முதல் வாயைச் சர்க்கரை போடாமல் குடித்துப் பாருங்கள், பிறகு அரை ஸ்பூன். சர்க்கரையைத் தனியாகக் கேட்காவிட்டால், மாஸ்டரின் கை அளவுதான் உங்கள் அளவு.

வீட்டில் போடுவதாக இருந்தால், பொடிக் கடையில் வரும் முதல் கேள்வி, "சிக்கரி எவ்ளோ போடட்டும்?" சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. அதில் கஃபைன் துளிகூட இல்லை. டிகாஷனுக்குக் கறுப்பையும் கெட்டியையும் கொடுப்பது அதன் வேலை. திக்காக இருக்கிற காபிதான் ஸ்ட்ராங் என்று நம்புகிறோமே, அதில் பாதி சிக்கரியின் உபயம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தால் போதும். அதாவது மீதி 49 வரை சிக்கரியாக இருக்கலாம்! பாக்கெட்டில் சதவீதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். காபியின் ருசி என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் 80-க்கு 20 கேளுங்கள், அல்லது சிக்கரியே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொட்டையில் அராபிகா நல்ல தொடக்கம். ரோபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கஃபைன், கசப்பும் அதிகம். ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் விளைவது பெரும்பாலும் அராபிகாதான். 100 கிராம் வாங்கினால் போதும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் பொடி, அதன்மேல் கொதிக்கும் நீர், கால் மணி நேரப் பொறுமை. முதல் டம்ளருக்கு ஒரு பங்கு டிகாஷன், நாலு பங்கு சூடான பால். டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தென் மாவட்டங்களின் கருப்பட்டி போட்ட வரக்காப்பி இருக்கிறது. சுக்குக் காபி இந்தக் கணக்கில் வராது. பல வீடுகளில் அதில் காபியே இருக்காது.

எப்போது, எவ்வளவு?

காலை 11 மணி. ஐ.சி.எம்.ஆர் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்கிறது. அவற்றில் உள்ள டானின், உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்த ஊரில் டிபனோடு காபி என்ற வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் காபியோடு சேர்த்து விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகளும், படபடப்பு, இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

அதே வழிகாட்டுதலின்படி, 150 மில்லி டிகாஷன் வகைக் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபைன், இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்டக் கூடாது. முதல் நாளுக்கு அரை டம்ளர் தாராளம்.

அடுத்த நாளே இரண்டாவது டம்ளருக்குப் போகாதீர்கள். தினமும் 100 மில்லிகிராம் எடுத்தாலே உடம்பு பழகிவிடக்கூடும். பிறகு ஒருநாள் விட்டால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். "காபி குடிக்கலைன்னா தலை வலிக்குது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் மட்டும் குடித்துப் பார்க்கலாம்.

முதல் டம்ளர் பிடிக்கவில்லையா? அடுத்த வாரம் வேறு கடையில், வேறு பொடியில் இன்னொரு முறை. மூன்றாவதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மீதிப் பொடியை வாங்கிக்கொள்ள பக்கத்து சீட்டிலேயே ஆள் இருப்பார்.