வான் எவருடையது?

பல்லடத்தினின்று காங்கேயம் செல்லும் பெருவழியில் உள்ளது பொங்கலூர். விசைத்தறியும் கோழிப் பண்ணையும் பரம்பிக்குளம் – ஆழியாற்று வாய்க்கால் நீரும் அங்கு வாழ்வு தருவன. இரவெல்லாம் தறியோசைக்கிடையே கண்விழிக்கும் தொழிலாளிக்கு உற்ற துணை வானொலி. கைப்பேசி வந்தபின் வானொலி எதற்கு என்பார் உளர். கைப்பேசித் திரை கண்ணைக் கேட்கும். வானொலியோ கண்ணையும் கையையும் வேலையினின்று பிரிக்காமல் செவிவழியே அறிவூட்டும். ஆயின், அவ்வொலி எவர் நலத்திற்காகப் பேசுகின்றது?

தமிழ்நிலத்திற்கு ஒலிபரப்பைத் தந்தது தில்லியன்று. 1924-ஆம் ஆண்டிலேயே சி. வி. கிருட்டிணசாமி செட்டியார் முதலானோர் சென்னையில் வானொலிக் கழகம் கண்டு ஒலிபரப்பினர். பொருள்முடையால் 1927-இல் அது நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. தில்லியின் 'ஆல் இந்தியா ரேடியோ' சென்னையில் கால்வைத்ததோ 1938-இல். நட்டவர் நாம், வேலியிட்டுக் கொண்டவர் அவர்!

வேலியிட்டதோடு பெயரையும் மாற்றினர். வானும் ஒலியும் கூடிய 'வானொலி' என்னும் தூயதமிழ்ச்சொல் மக்கள் நாவில் வாழ்ந்திருக்க, 1957-இல் 'ஆகாசவாணி' என வடசொல் சூட்டினர். தமிழ்நாடு எதிர்த்தது. எனினும் 2023 மேத் திங்களில், இனி அப்பெயர் ஒன்றே வழங்கப்பெறும் எனப் பிரசார் பாரதி ஆணையிட்டது. பெயரைக்கூட விட்டுவைக்காதார் வேறெதனை விட்டுவைப்பர்?

தாய்மொழியில் பேசும் வானொலி என்ன செய்யும் என்பதற்குத் தஞ்சையே சான்று. 1960-களில் ஆடுதுறை 27 எனும் புதுநெல்லைப் பற்றித் திருச்சி நிலையம் தமிழில் எடுத்தோதிற்று. எழுத்தறியா உழவரும் கேட்டறிந்து பயிரிட்டனர். அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் நிலைத்தது. செவியில் விழுந்த தமிழ் களத்தில் நெல்லாய்க் குவிந்தது!

இன்றோ தனியார் பண்பலைகள் ஆங்கிலம் கலந்த குதலையையும் திரைப்பாட்டையும் விளம்பரத்தையும் இடையறாது பொழிகின்றன. தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப அவற்றுக்கு ஒப்புதலில்லை. நூல்விலை, கோழிவிலை, வாய்க்கால் நீர்முறை, தொழிலாளர் கூலியுரிமை ஆகியவற்றைப் பொங்கலூரானுக்கு எவர் சொல்வார்?

வானலைகள் பொதுமக்கள் உடைமை என 1995-இல் இந்திய உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டு நெறிமுறைகள் குமுகாய வானொலி நடத்தும் உரிமையை வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் வழங்கின. நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வூர் மக்கள் பங்கேற்புடன் உருவாதல் வேண்டும். அவர்தம் மொழியே சிறப்பு என்பதும் அந்நெறி. பொங்கலூரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் ஒன்று உண்டு. வாயில் திறந்திருக்கின்றது, நுழையும் மனமே வேண்டுவது.

உழவரும் நெசவாளரும் ஆசிரியரும் ஒன்றுகூடிக் கேட்கட்டும். கொங்குத் தமிழ் கொங்கு வானில் ஒலிக்கட்டும். கேட்பார் கூட்டமாக நூறாண்டு இருந்தது போதும். தமிழர் இனிப் பேசுவாராகுக!