நிறுத்துப் பார்க்கும் பிள்ளைகள்

நம் தமிழ்ப் பள்ளிகளில் அறிவியல் கழகம் என்றால் என்ன? சில இடங்களில் நல்லாசிரியர்கள் அதை உயிரோடு நடத்துகிறார்கள், அவர்களைப் பாராட்டுகிறோம். வேறு சில இடங்களிலோ தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, பிள்ளைகளின் கையில் மட்டும் ஒன்றும் இல்லை! கண்காட்சி நாளன்று, பெரியவர்கள் செய்து கொடுத்த பொருளுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளை மனப்பாடத்தை ஒப்பிக்கிறது. கைதட்டல் கிடைக்கிறது. அறிவியல் கிடைத்ததா?

இதில் தொழிற்சங்கத்துக்கு என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு. ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். மரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது கூடும், குறையும். ஸ்டோரில் பாலின் கனத்தை மீட்டரால் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் வெட்டுக்காரரின் கூலியைத் தொட்ட எண். அது எப்படி வந்தது என்று கேட்கத் தெரியாமல் நம்மவர்கள் தலைகுனிந்து திரும்பிய காலம் உண்டு. அதை நாம் மறப்பதற்கில்லை.

நம் பிள்ளைகள் அந்த எண்ணைத் தாமே கண்டுபிடிக்கட்டும். அன்று வெட்டிய பாலை 100 கிராம் வீதம் மூன்று குவளைகளில் ஊற்றட்டும். ஒன்றில் காடி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மூன்றாவதில் அதே அளவு தண்ணீர். எது முதலில் உறைகிறது? பாலில் உள்ள ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலம் அதைத் தணித்ததும் ஒட்டிக்கொள்கின்றன. உறைந்ததை மெல்லியதாக அழுத்தி, நிழலில் உலர்த்தி, எடை குறைவது நிற்கும்வரை நாள்தோறும் நிறுக்கட்டும். 30 கிராமோ 35 கிராமோ, கண்டதைக் கண்டபடி எழுதட்டும். இப்படி நிறுத்துப் பழகிய பிள்ளையை நாளை எவரும் எண்ணைக் காட்டி ஏமாற்ற முடியாது!

நம் தொழிலே சோதனையில் பிறந்ததுதான். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைமையேற்ற ரிட்லி, மரங்களை வெட்டி வெட்டிப் பார்த்தே, தண்டைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையைக் கண்டார். 'கிறுக்கன்' என்றுகூட அவரைச் சிலர் அழைத்தார்கள். அவர் கண்ட வழியில்தான் நம் முன்னோர் விடியுமுன் வெட்டுக்குப் போனார்கள்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் குடும்பங்கள் பலவும் பட்டணம் சேர்ந்துவிட்டன. அதனாலென்ன? பால் கிடைக்காத பள்ளியில் பசும்பாலைத் திரிக்கலாம். தாத்தாவை அழைத்துக் கத்தி பிடித்த கதையைக் கேட்கலாம். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டது. அந்தத் தேர்வைக் காட்டிக் கைவேலையைத் தள்ளிவைத்த சாக்கும் போயிற்று. அறிவியல் செயற்பாங்குத் திறன் வேண்டுமென்று பாடத்திட்டமே சொல்கிறது.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. வாரம் ஒரு மணி நேரம், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு தராசு, ஆளுக்கொரு குறிப்பேடு. சோதனை தவறிப்போனால் அதையும் எழுதும் பழக்கம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் உள்ள நம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்ப வேண்டும். மேடைக்கும் மாலைக்கும் ஆகும் செலவில் தராசுகள் வாங்கலாம்.

கூலி கேட்கக் கற்றுத் தந்தது சங்கம். கணக்குக் கேட்கப் பள்ளி கற்றுத் தரட்டும்!